குதிரையிலிருந்து சரிகிறவன்

பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெண்கலக் காசு அது. அதன் பின்புறத்தில் ஒருவன் குதிரையிலிருந்து சரிந்துகொண்டிருக்கிறான். குதிரையின் முன்கால்கள் ஏற்கெனவே மடிந்துவிட்டன. அவன் உடம்பு குதிரையின் கழுத்தோடு சேர்ந்து முன்னால் சாய, முகம் மட்டும் பின்னால் திரும்பியிருக்கிறது. திரும்பிய முகத்துக்கு மேலே ஒரு கை. அந்தக் கை தடுக்கிறதா, கெஞ்சுகிறதா, வெறுமனே ஒரு பிடிமானம் தேடுகிறதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அருகில் நிற்கும் வீரன் ஒரு கையில் கேடயத்தை மாட்டிக்கொண்டு மறு கையால் ஈட்டியை அவன்மேல் இறக்குகிறான். சுற்றிலும் லத்தீன் எழுத்து. நற்காலம் திரும்பிவிட்டது என்பது அதன் சாரம். கி.பி. 348 வாக்கில், ரோமப் பேரரசைப் பங்கிட்டு ஆண்ட சகோதரர்கள் இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸும் கான்ஸ்டன்ஸும் இந்த வாசகத்தோடு காசு அடிக்கத் தொடங்கினார்கள். அதே வாசகத்தோடு வேறு படங்களும் வந்தன. நெருப்பிலிருந்து மீண்டெழும் பீனிக்ஸ் பறவை, கப்பலில் நிற்கும் பேரரசர், மரத்தடிக் குடிசையிலிருந்து ஒரு சிறிய உருவத்தைக் கைப்பிடித்து வெளியே இழுத்துவரும் வீரன் என்று பல. சில ஆண்டுகளில் மற்றவையெல்லாம் பின்தங்கிவிட, சரிகிறவன் மட்டும் பேரரசின் எல்லாக் காசாலைகளிலிருந்தும் கொட்டத் தொடங்கினான். நற்காலம் என்பதற்குப் படம் தேடிய ஒரு பேரரசு கடைசியில் இந்தப் படத்தில் வந்து நின்றதே, அது ஏன் என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

அந்தக் காசை நான் கையில் வாங்கிப் பார்த்தது கரூரில், காசு சேர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில். அவர் பழைய கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொட்டினார். கறுப்பும் பச்சையுமாகக் களிம்பேறிய சில்லுகள். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸை நீட்டி, “நேராப் பாத்தா ஒண்ணுந் தெரியாதுங்க. வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாருங்க. மொகமெல்லாம் போயிருச்சு. கை தெரியுதுங்களா?” என்றார். தெரிந்தது. வீரனின் தலை வழவழவென்று தேய்ந்து மேடாக மட்டும் இருந்தது; வாசகத்தில் இரண்டு மூன்று எழுத்துகளின் அடித்தண்டு மிச்சம்; ஈட்டி ஒரு கீறலாக நின்றது; கீறலின் முனையில், களிம்புக்கு அடியில், அந்தக் கை. அமராவதியில் தண்ணீர் வற்றும் காலத்தில் மணலைச் சலித்துப் பிழைத்தவர்கள் வழியாகத்தான் இப்படிப்பட்ட காசுகளில் பெரும்பங்கு வெளியே வந்தது. மதுரையில் வைகையும் அப்படியே கொடுத்தது. எடைக்குப் போட்டால் பாத்திரமாகியிருக்க வேண்டியவை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகளைத் திரட்டி, 1994இல் தனி நூலாகவே வெளியிட்டார். பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டவரும் அவரே. அந்தக் கண்டுபிடிப்புக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஒரு சிறு பங்குகூட இந்தத் தேய்ந்த சில்லுகளுக்குக் கிடைக்கவில்லை. தங்கத்தைப் பற்றிப் பேச எல்லோரும் இருக்கிறார்கள். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும். யவனர் சல்லிக்காசைப் பற்றிப் பேசுவாரைக் காணோம்.

முந்தைய காசுகளை நினைத்துப் பார்க்கிறேன். இந்திய மண்ணில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் மிகுதியாக வருபவற்றில் ஒன்று அகஸ்டஸ் அடித்த வகை. தத்தெடுத்த பேரர்கள் கையஸும் லூசியஸும் அதில் இருபுறமும் நிற்கிறார்கள்; நடுவே தரையில் ஊன்றிய கேடயங்களும் ஈட்டிகளும். அதில் ஆயுதம் இருக்கிறது, எதிரி இல்லை. மூன்று நூற்றாண்டு கழித்து, 330 வாக்கில் கான்ஸ்டன்டைன் அடித்த வெண்கலக் காசிலும் அப்படித்தான். ஈட்டி ஏந்திய இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு படைக்கொடிகள், சுற்றிலும் படையின் புகழ் என்று வாசகம். சில ஆண்டுகளில் காசின் எடை குறைந்தது, அகலமும் குறைந்தது; இடம் போதாமல் இரண்டு கொடிகளில் ஒன்று காணாமல் போனது. வீரர்கள் இருவரும் நெருங்கி நின்று மிஞ்சிய ஒற்றைக் கொடியைக் காத்தார்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே அந்தக் காலத்தின் பொருளாதாரம் முழுவதும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். வெண்கலம் சிறுக்கச் சிறுக்கப் படம் கடுமையானது. 364க்குப் பிறகு வேலன்ஸ் காலத்தில் பேரரசர் ஒரு கையில் கொடியோடு மறு கையால் ஒரு கைதியைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போகிறார். வாசகம் ரோமர்களின் புகழ். அதே வேலன்ஸ் 378இல் அட்ரியானோப்பிளில் கோத்தியரிடம் தோற்று, தம் படையின் பெரும்பகுதியோடு மாண்டார். அடுத்து, 388ஐ ஒட்டி வந்த மிகச் சிறிய காசு. எடை ஏறக்குறைய ஒரு கிராம். அதில் வெற்றித் தேவதை, சிறகு விரித்தவள், தோளில் பறித்தெடுத்த ஆயுதக் கட்டோடு நடந்து போகிறாள். அவளும் ஒருவனை மயிரைப் பிடித்து இழுக்கிறாள். அரசின் நலம் என்பது அந்தக் காசின் வாசகம். ஒரு கிராம் செம்புக்குள் அரசு, தேவதை, ஆயுதம் எல்லாம் வந்துவிட்டன. அவனுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வேறு எதை விட்டாலும் அவனை விடவில்லை.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெற்றியைத் தனியாக வரைய முடியாது போலும். நிற்கிறவன் நின்றுகொண்டுதான் இருக்கிறான்; அவன் வென்றவன் என்று தெரிய வேண்டுமானால் காலடியில் ஒருவன் கிடக்க வேண்டும். கி.பி. 71இல் வெஸ்பாசியன் யூதேயாவை அடக்கியதற்காக அடித்த பெரிய வெண்கலக் காசில் பேரீச்சமரத்தடியில் ஒரு பெண் குந்தியிருக்கிறாள். தலை கையில் சாய்ந்திருக்கிறது. அவளைத் தாண்டி அந்தக் காசில் கண் வேறெங்கும் போவதில்லை. அச்சு வெட்டியவன் இதை அறிந்திருப்பான் என்றே நினைக்கிறேன். வீரனின் நிலை எல்லாக் காசிலும் ஒன்று: கால் அகட்டி, கை ஓங்கி. வெட்டுகிறவனின் உளிக்கு அங்கே வேலை குறைவு. அவன் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததெல்லாம் விழுகிறவனிடம்தான். குதிரையிலிருந்து சரிகிறவனை நாணயவியலார் கோலம்வாரியாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள்: பின்னால் திரும்பிக் கை நீட்டுகிறவன், குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறவன், மண்டியிடுகிறவன் என்று. அந்தப் பட்டியலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆனது. பட்டியலிட்டவர்கள்மேல் எனக்குக் குறையில்லை, தேய்ந்த காசை அடையாளம் காண வேறு வழியில்லை. ஆனால் கழுத்தைக் கட்டிக்கொள்கிறவனிடம் எண் நிற்க மாட்டேன் என்கிறது. சாகப் போகிறவன் தன்னைச் சுமந்த விலங்கைக் கட்டிக்கொள்கிறான். காசாலையில் கூலிக்கு உளி பிடித்த யாரோ ஒருவனுக்கு, பேரரசின் புகழைப் பொறிக்க உட்கார்ந்த இடத்தில் அது தோன்றியிருக்கிறது. அவன் எங்கே அதைப் பார்த்தான்?

அடிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். பேரரசரின் தலை வெட்டிய அச்சைப் பட்டறைக் கல்லில் பதித்துவிடுவார்கள். அதன்மேல் வெண்கலத் தகடு. அதற்கும் மேலே, கையில் பிடித்த இரும்பின் அடியில், போர்க் காட்சி வெட்டிய இன்னொரு அச்சு. சம்மட்டி இறங்குவது அதன்மேல். அரசர் முகம் அசையாமல் கீழே கிடக்கும். அடி முழுவதையும் வாங்குவது வீரனும் விழுகிறவனும் இருக்கும் பக்கம். அதனால் பின்புற அச்சுகள் சீக்கிரம் விரிசல் விட்டுப் போயின. திரும்பத் திரும்ப வெட்ட வேண்டியிருந்தது. அந்தச் சாவு ஒரே தடவை வரையப்பட்டதல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தியோக்கியாவில், அலெக்சாந்திரியாவில், கான்ஸ்டான்டிநோப்பிளில், சைசிக்கஸில் என்று ஒவ்வொரு காசாலையிலும் ஒவ்வொரு பட்டறையிலும் ஆண்டுக்கணக்கில் யாரோ உட்கார்ந்து அவனை மறுபடி மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். காசின் அடியில் இருக்கும் சிறிய எழுத்துகள் எந்த ஊர், எந்தப் பட்டறை என்று சொல்லும். தேயாத காசானால் இன்றும் படிக்கலாம்.

இங்கே கொண்டுவந்தது யார், எதற்கு என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி பார்த்த ராபர்ட் சிவெல் 1904இல் இந்தியாவில் கிடைத்த ரோமக் காசுகளைப் பற்றி எழுதியபோது, மதுரைப் பக்கம் இத்தனை சில்லறைச் செம்பு கிடைப்பதைப் பார்த்து, ரோமர்கள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று கருதினார். சில்லறை வேண்டியவன் உள்ளூரில் அன்றாடம் வாங்கித் தின்கிறவன் என்பது அவருடைய நியாயம். பழைய செம்பாக எடைக்கு வந்தவை என்பாரும் உண்டு. உள்ளூர்ச் சந்தையில் சில்லறைத் தட்டுப்பாடு இருந்தது, யார் காசானாலும் அளவு ஒத்திருந்தால் ஓடியது என்பாரும் உண்டு. எனக்கு மூன்றாவதுதான் நெருக்கமாகப் படுகிறது. இலங்கையைப் பார்த்தால் அது இன்னும் உறுதியாகிறது. அங்கே இந்தச் சிறு காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்ததோடு, அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த நகல்களும் கிடைத்திருக்கின்றன. நகல்களில் எழுத்து வெறும் கோடாகவும் புள்ளியாகவும் ஆகிவிடுகிறது. வீரன் இரண்டு கோடு, ஈட்டி ஒரு கோடு. செய்தவனுக்கு அது என்ன படம் என்று தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. இங்கேதான் என் மனம் இடறுகிறது. தெரியாமல் கைமாறும் ஒரு வன்முறைக்கு என்ன எடை? உப்பு வாங்கியவள் அந்தக் கையைப் பார்த்தாளா? பார்த்திருந்தால் கூத்தாடுகிற ஒருவன் என்று நினைத்திருப்பாளா? பார்க்கவே இல்லை என்றால் அந்தப் படம் அவள் கையில் இருந்ததாகக் கணக்கா, இல்லையா? பொற்காசை இங்கே பார்த்துத்தான் கையாண்டிருக்கிறார்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. புழக்கத்திலிருந்து நீக்கியதற்கான அடையாளம் என்று சொல்கிறார்கள். எதற்காகவோ, யாரோ ஒருவர் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்து வெட்டியிருக்கிறார். வெண்கலத்துக்கு அந்த மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தேய்ந்தது, அவ்வளவுதான்.

நான் இருப்பது திருத்தணி. இதை வேறு ஊரில் இருந்து யோசித்திருந்தால் இத்தனை தூரம் உறுத்தியிருக்காது. ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தால் திருச்செந்தூரில் தொடங்கி முருகன் கோயில் இருக்கும் ஊர்தோறும் ஆறாம் நாள் சூரசம்ஹாரம் நடக்கும். இந்த மலையில் நடக்காது. போர் முடிந்து, சினம் ஆறி, சாமி வந்து அமர்ந்த இடம் இது. இங்கே மறுபடி வேலை எறியச் சொல்வது முறையில்லை என்பது மரபு. அன்றைக்குக் கூடை கூடையாகப் பூவைக் கொண்டுவந்து மூலவருக்குச் சொரிவார்கள். சம்ஹாரம் இல்லாத சஷ்டியைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர்களுக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், “ஏங்க, சூரனைக் கொளுத்தறது எத்தனை மணிக்கு?” என்று கேட்கும்போதுதான் நமக்கு உறைக்கும். இந்தக் கோயிலின் கதைகள் முழுவதுமே போருக்குப் பிந்தியவை. திருமால் தன் சக்கரத்தை முருகனிடமிருந்து திரும்பப் பெற்றது இங்கே என்கிறது தலபுராணம். ஆயுதம் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்ட இடம். தெய்வானைக்குச் சீராக இந்திரன் கொடுத்த ஐராவதம் சந்நிதிக்கு முன்னால் மயிலின் இடத்தில் நிற்கிறது. மற்ற ஊர்களில் வாகனம் மூலவரைப் பார்த்து நிற்கும், இங்கே அந்த யானை கிழக்கே, தன் பழைய வீட்டைப் பார்த்து நிற்கிறது. யானை போன பிறகு இந்திரன் செல்வம் குன்றியது, அதனால் அதன் பார்வையையாவது அவன் பக்கம் திருப்பி வைத்தார் என்பார்கள். இன்னொன்றும் சொல்வார்கள். தாரகன் எறிந்த சக்கரத்தைச் சாமி மார்பில் ஏற்றார், அந்த வடு மூலவர் மார்பில் இருக்கிறது என்று. சந்தனக் காப்புக்கு அடியில் அதை நாம் பார்க்கப் போவதில்லை. ஆனால் வென்றவன் உடம்பில் வடு உண்டு என்று ஒரு ஊர் நினைவில் வைத்திருக்கிறதே, அது பெரிய விஷயம். நான் பார்த்த எந்த ரோமக் காசிலும் ஈட்டி பிடித்தவனுக்குக் காயமில்லை.

இதை எழுதும்போதே ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை நான் நம்பவில்லை. அவர்கள் கைதியை மயிரைப் பிடித்து இழுத்தார்கள், நாம் சூரனை மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் திருச்செந்தூர்க் கடற்கரையில் மாமரம் பிளக்கும் அந்த நொடியில் கூட்டத்திலிருந்து எழும் ஓசையை நான் கேட்டிருக்கிறேன். அது பக்திதான், அதில் வேறொன்றும் கலந்திருக்கிறது. என் தொண்டையிலிருந்தும் அது கிளம்பியது. மயில் பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. தோற்றவனைக் கொல்லாமல் விட்டது கருணை. காலத்துக்கும் அவன்மேல் ஏறி அமர்ந்திருப்பது என்ன? பெரியவர்களிடம் கேட்டால், “ஆணவம் போச்சு, அவனுக்குக் கெடைச்ச பேறு அது” என்பார்கள். அந்தப் பதில் பிழை என்று நான் சொல்லவில்லை. சூரனிடம் கேட்டு வந்த பதில் அல்ல அது, அவ்வளவுதான். பேரரசரும் தன் கைதியைப் பற்றி இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பார். நற்காலம் என்று அவர் எழுதியதை அவர் முழு மனதோடு நம்பியிருக்கக்கூடும். அரசுகள் இத்தகைய வாசகங்களைப் பொய் என்று தெரிந்து எழுதுவதைவிட நம்பி எழுதுவதே அதிகம் என்று நினைக்கிறேன். அதுவே எனக்கு அச்சம் தருகிறது.

செம்பு என்று வந்துவிட்டால் நம் மண்ணின் செம்பையும் பேச வேண்டும். இந்த வட்டத்திலேயே இருக்கும் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்தன முதலாம் ராஜேந்திரனின் செப்பேடுகள். 31 ஏடுகள், ஒரு வளையத்தில் கோத்தவை, வளையத்தில் முத்திரை. எதற்காக அந்த ஏடுகள்? பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததைச் சொல்ல. ஒரு கோயிலில் விளக்கெரியவும் அமுது படைக்கவும் ஒரு ஊரின் விளைச்சலை விட்டுக்கொடுத்த தானம். அந்தத் தானத்துக்கு முன்னால் அரசர்களின் போர்கள் வரிசையாக வருகின்றன. அவற்றில் ஒன்று, ஆதித்த கரிகாலன் வீரபாண்டியனைக் கொன்று அவன் தலையைத் தன் ஊரில் வெற்றித் தூணாக நட்டான் என்பது. அழகான சமஸ்கிருதச் செய்யுளில் இருக்கிறது. முத்திரையில் சோழரின் புலி அமர்ந்திருக்கிறது. கூடவே பாண்டியரின் மீன்களும் சேரரின் வில்லும். தோற்றவர்களின் சின்னம் வென்றவன் முத்திரைக்குள். குதிரையிலிருந்து சரிகிறவனைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அந்த மீன்களைப் பார்த்தால், அலங்காரம் என்று கடந்துபோக முடிவதில்லை. 1977இல் இதே திருத்தணிக்குப் பக்கத்தில் வேலஞ்சேரியில் பல்லவ அபராஜிதனின் ஏடுகளும் முதலாம் பராந்தகனின் ஏடுகளும் கிடைத்தன, இரா. நாகசாமி அவற்றைப் பதிப்பித்தார். ஒரே ஊரின் மண்ணுக்கடியில், தோற்கவிருந்த குலத்தின் செம்பும் வென்ற குலத்தின் செம்பும் சேர்ந்து கிடந்திருக்கின்றன. அபராஜிதனை வீழ்த்தியவன் பராந்தகனின் தகப்பன் ஆதித்தன். ஏடுகளை ஒன்றாகப் புதைத்து வைத்தவர் யாரானாலும், அவருக்கு இரண்டுமே ஊரின் உரிமைப் பத்திரங்கள். யார் வென்றார் என்பது அவர் கவலையாக இருந்திராது. சந்தையில் ரோமச் செம்பை வாங்கிப் போட்டுக்கொண்டவளின் மனநிலையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

படையும் அரசும் பழங்காலத்துச் சங்கதி என்று சொல்ல இந்த ஊரில் இருந்துகொண்டு முடியாது. மலையேறி நின்றால் அரக்கோணம் பக்கம் கடற்படை விமானங்கள் தாழ்ந்து வருவது தெரியும், ஐ.என்.எஸ். ராஜாளி 1992 முதல் அங்கே இருக்கிறது. சஷ்டிப் பூவைச் சுமந்து படியேறுகிறவர்கள் அந்த இரைச்சலுக்கு நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்ற வழக்கு ம.பொ.சி. தலைமையில் ஊர்வலமும் மறியலும் சிறையுமாக நடந்து, படாஸ்கரின் சமரசத் தீர்ப்பில் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்காகக் காசு எதுவும் அடிக்கவில்லை. பேசி முடித்துக்கொண்ட எல்லைக்கு எந்தப் படத்தைப் போடுவது? ஆனால் 1965 போரின் பொன்விழாவுக்கு 2015இல் ஐந்து ரூபாய்க் காசு வந்தது. அதில் அமர் ஜவான் நினைவுச்சின்னம். எதிரி இல்லை, வீரனும் இல்லை; நட்டு வைத்த துப்பாக்கியும் அதன்மேல் தலைக்கவசமும். விழுந்தவன் நம்முடையவன் என்றால் உருவத்தை எடுத்துவிட்டு ஆயுதத்தை மட்டும் வைக்கிறோம்; விழுந்தவன் அடுத்தவன் என்றால் உருவத்தைக் கையோடும் முகத்தோடும் வரைகிறோம். ரோமரும் நாமும் இதில் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இப்படி யோசிக்கும்போது திருத்தணியில் சம்ஹாரம் நடத்தாமல் விட்டது கருணையா, அல்லது பார்க்க மறுத்ததா என்பதிலும் எனக்குத் திடமில்லை. காட்டாமல் விட்டால் சாவு நடக்கவில்லை என்றாகிவிடுமா? ஆனாலும் ஆண்டுதோறும் திரும்ப அடித்துக் காட்ட வேண்டியதில்லை என்று ஒரு இடமாவது முடிவு செய்திருக்கிறதே என்ற நன்றி எனக்கு உண்டு. காசாலையின் சம்மட்டிக்கு அந்த எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை.

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்ட காசுக்கு ஒரு பக்கம்தான் உண்டு. மறுபக்கம் துணியைப் பார்த்துக் கிடக்கும். மேலே வைப்பது பெரும்பாலும் பேரரசரின் தலை. பெயரும் ஆண்டும் அங்கிருந்துதான் தெரியும் என்பதால். பிற்கால வெண்கலத்தில் அந்தத் தலைகளுக்குள் வேறுபாடே கிடையாது: மணி கோத்த முடிப்பட்டை, அகன்ற கண், மூக்கு. இவர் மகனா, தகப்பனா, அடுத்த ஆண்டு இவரைக் கொன்றவரா என்று எழுத்தைப் படித்தால்தான் தெரியும். விழுகிறவர்கள் அப்படி இல்லை. ஒருவன் தலையில் கூம்புத் தொப்பி, பாரசீகனாக இருக்கலாம். ஒருவனுக்குத் தாடி. இன்னொருவன் வெறுந்தலையன், மயிர் நீண்டு பின்னியது போல இருக்கிறது. தன்யூபுக்கு அப்பால் இருந்து வந்தவனோ என்னவோ. வெட்டியவன் இவர்களை வேறுபடுத்தியிருக்கிறான். எந்த எல்லையில் எந்தப் போர் என்று அவன் கேள்விப்பட்டது அந்தத் தலைகளில் இருக்கிறது. அமராவதியிலும் வைகையிலும் கிடைத்தவற்றில் எத்தனை காசில் அந்தத் தலை மிச்சமிருக்கிறது, அவற்றில் கூம்புத் தொப்பி எத்தனை என்று யாராவது உட்கார்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும். கீழைக் காசாலைகளிலிருந்து வந்தவைதானா இவை, எந்தப் போரின் சில்லறை நம் ஆற்றுக்கு வந்து சேர்ந்தது என்பதெல்லாம் அதிலிருந்து கொஞ்சம் துலங்கலாம். எழுத்து தேய்ந்துவிட்டது, ஆண்டு சொல்ல முடியாது என்று ஒதுக்கிவைத்த குவியலிலிருந்தே தொடங்கலாம். லென்ஸும் சாய்ந்த வெளிச்சமும் போதும்.